புஷ்பவனத்துக்குக் குடிபோகிறேன், அக்கா

அன்புள்ள அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "அந்த ஊர்ல இன்னும் என்னடா மிச்சம் இருக்கு?" என்று கேட்டாய். கோபத்தில் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். "பார்க்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நாலு நாளாக மனதுக்குள் உனக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பேசினால் பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது, அதனால் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் உண்டு. வேதாரண்யம் பக்கத்திலிருந்து வெளியூர் போன எத்தனையோ வீடுகளில் இன்றைக்கு இதே பேச்சுதான். ஊரில் இருக்கும் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிடலாமா, வைத்துக்கொள்ளலாமா.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்கு முழுப்பரீட்சை முடிந்ததும் சென்னை வீட்டைக் காலி செய்கிறோம். மே மாதம் நம் ஊர் புஷ்பவனத்துக்குக் குடிபோகிறோம்.

என்ன மிச்சம் என்று கேட்டாயே, முதலில் கேணி இருக்கிறது. கொல்லையில், முருங்கைக்குப் பக்கத்தில், உறை இறக்கிய அதே கேணி. அதில் தண்ணீர் இறைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவளே நீதான். "வாளியைத் தொப்புன்னு போடாதே, அடி மணல் கலங்கும். மெல்ல விட்டு, சரிச்சு மொள்ளு" என்பாய். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். கயிறு இழுத்து உள்ளங்கை சிவந்துபோனால் நீ ஊதிவிடுவாய். பொங்கலுக்குப் போனபோது கேணியில் ஒரு வாளி இறைத்து அப்படியே கையில் ஏந்திக் குடித்தேன். இனிக்கிறது அக்கா. சென்னையில் இத்தனை வருஷம் கேன் தண்ணீர் குடித்த நாக்குக்கு அது தனியாகத் தெரிந்தது.

கடற்கரை நம் வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். கேணியின் ஆழமோ 12 அடி. கரிக்கிற தண்ணீர்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் வருவதில்லை. அதை நான் ரொம்ப நாள் கடவுள் காரியம் என்றே நினைத்திருந்தேன். அப்பாதான் ஒருநாள் விளக்கிச் சொன்னார். மணலில் இறங்குகிற மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது. அதனால் கீழே இருக்கிற உப்பின் மேல் ஓர் அடுக்காக மிதந்து நிற்கும். மெதுவாக இறைத்தால் அந்த அடுக்கிலிருந்து நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். பெரிய மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஒரு தரம் ஏறிவிட்டால் இறங்குவதற்கு எத்தனை மழை வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா அரை ஹெச்பி மோட்டாருக்கு மேல் வாங்கவே மாட்டேன் என்று ஏன் பிடிவாதம் பிடித்தார் என்று இப்போது நினைத்துப் பார். காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம், அவ்வளவுதான். "அடுத்த ஐப்பசி வரைக்கும் இது காணணும்" என்பார். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் குழாயில் வர ஆரம்பித்த பிறகும் அவர் சமையலுக்குக் கேணித் தண்ணீர்தான் எடுத்தார்.

இடத்தைக் கேட்டு வந்தவர் நல்ல விலை சொல்கிறார் என்கிறாய். உண்மைதான். அந்த விலை வேறு யாரும் தரமாட்டார்கள். ஆனால் அவர் எதற்குக் கேட்கிறார் என்று தரகரிடம் துருவித் துருவிக் கேட்டேன். இறால் குட்டை போடப் போகிறாராம். உப்புத்தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கி வைக்கிற வேலை அது. நம்முடையது மணல் தரை. என்னதான் கெட்டிப்படுத்தினாலும் கீழே இறங்காமல் இருக்குமா? நம் கேணி போவதோடு நிற்காது. மேலண்டை வீட்டுச் சித்தி போட்டிருக்கும் கத்தரியும் மிளகாயும் போகும், அதற்கும் தள்ளி இருக்கும் மாந்தோப்பு போகும். பணத்தை வாங்கிக்கொண்டு நாம் இரண்டு பேரும் ஊரை விட்டுப் போய்விடுவோம், அவர்கள் எங்கே போவார்கள்?

அப்பாவின் இரும்புப் பெட்டியில் ஒரு பேப்பர் துண்டு இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம் நாகை மண்ணில் நிலமில்லாதவர்களுக்காகவே வாழ்ந்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன், கடலோரத்து இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பரில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. அந்தச் செய்தியைத்தான் அப்பா கத்தரித்து வைத்திருந்தார். பிறகு 2005ல் தனிச் சட்டம் வந்தது, அனுமதி வாங்கிப் பண்ணை நடத்தவும் வழி வந்தது. இவரும் முறைப்படி அனுமதி வாங்கியே நடத்தலாம். அது அவர் பாடு. ஆனால் அப்பாவின் நிலத்தில் வேண்டாம் அக்கா. இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

நீ பயப்படுவது எதற்கு என்று எனக்குத் தெரியும். கஜா புயலுக்கு.

2018 நவம்பர் 16 விடியற்காலை. அப்பா மட்டும் அந்த வீட்டில். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூன்று நாள் போன் கிடைக்கவில்லை. நான் கிடைத்த வண்டியில் தொத்திக்கொண்டு திருத்துறைப்பூண்டி வரைக்கும் வந்துவிட்டேன், அதற்கு மேல் ரோடே தெரியவில்லை. தென்னை மேல் தென்னை, அதன் மேல் கரண்ட் கம்பம். பாதித் தூரம் நடந்தேதான் போனேன். கடல் கரைக்குள் ஏறி, கறுப்புச் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தது. கோடியக்கரைக் காட்டு மான்கள் செத்துக் கரை ஒதுங்கியதாக வழியெல்லாம் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அப்பா முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, உடைந்த ஓட்டுச் சில்லை முறத்தில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டியாடா?" என்றார். அதைத் தவிர அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

63 மரத்தில் 4 நின்றன. ஐந்தாம் நாள் நீ கோயம்புத்தூரிலிருந்து வந்து தோப்பு வாசலில் நின்று அழுதது என் கண்ணிலேயே நிற்கிறது. அந்த நாளோடு உனக்கு ஊர் முடிந்துபோய்விட்டது. அதற்காக உன்னைக் குறை சொல்லவே மாட்டேன். நானும் அப்படித்தான் இருந்தேன். அதற்கப்புறம் போனதெல்லாம் அப்பாவைப் பார்க்கத்தான், ஊரைப் பார்க்கவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

ஆனால் நாம் இரண்டு பேரும் கவனிக்காத ஒன்றை அப்பா செய்துகொண்டிருந்தார். கேணியில் கடல் தண்ணீர் புகுந்திருந்தது அல்லவா, அந்த மழைக்காலம் முடிவதற்குள் மூன்று தரம் முழுக்க இறைத்துக் கொட்டினார். அடுத்த வருஷ மழையிலும் அப்படியே. பங்குனிக்குள் 40 நாட்டுத் தென்னங்கன்று வாங்கி நட்டார். எழுபத்து நாலு வயதில், அக்கா. "குட்டை ரகம் போட்டா மூணு, நாலு வருஷத்துல காய்க்குமே" என்று சொன்னேன். "நெட்டைதான் காத்துக்கு வளையும், போடா" என்றார். ஒவ்வொரு கன்றுக்கும் கேணியிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினார். கரண்ட் வந்த பிறகும் குடம்தான். 2021ல் அவர் போகும்போது கன்றுகள் என் தோள் உயரம் வந்திருந்தன.

பொங்கலுக்குப் போனபோது தலையை நிமிர்த்திப் பார்த்தேன். 31 இருக்கின்றன. இரண்டு மரத்தில் பாளை வெடித்திருக்கிறது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி பயந்து ஓடிவந்து "என்னாச்சு?" என்று கேட்டாள். காட்டினேன். திண்டுக்கல்காரி, தென்னையைப் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் புரிந்துகொண்டாள். அன்று ராத்திரி அவள்தான் முதலில் சொன்னாள், "இங்கேயே வந்துடலாமா?" என்று. நான் இழுத்துக்கொண்டு போகிறேன் என்று நீ நினைத்திருந்தால், அப்படியில்லை.

பாப்பாவுக்கு வேறு காரணம். பாடப்புத்தகத்தில் 1930ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்து உப்பு அள்ளினார் என்று படித்துவிட்டு, "இது நம்ம வேதாரண்யமாப்பா?" என்று கேட்டாள். அப்பாயி நமக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தண்டோரா போட்டதையும், அதற்குப் பயப்படாத ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டி வழியோர மரக்கிளைகளில் தொங்கவிட்டதையும் சொன்னேன். முடிவெட்டும் வைரப்பன், சவரம் பாதியில் இருக்கும்போது உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டதைச் சொன்னபோது பாப்பா கைதட்டினாள். அப்பாயிக்கு அந்த வருஷம் எட்டு வயது. வைரப்பன் கதைக்கு வரும்போதெல்லாம் தன் கன்னத்தில் பாதியைத் தொட்டுக் காட்டிச் சிரிக்குமே, அதையும் செய்து காட்டினேன். வைரப்பனுக்கு வேதாரண்யத்தில் நினைவுத்தூண் இருக்கிறது என்றதும் அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்கும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு ஏப்ரல் 30ஆம் தேதியும் அங்கே உப்பு சத்தியாகிரக நினைவு ஸ்தூபிக்குப் பக்கத்தில் இன்றும் உப்பு அள்ளுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்கி உப்பு வாருகிற பெண்களை அவள் பார்க்க வேண்டும். தூத்துக்குடிக்கு அடுத்து தமிழ்நாட்டில் அதிகம் உப்பு விளைவது இங்கேதான். நம் தட்டில் விழுகிற அந்த உப்புக்காக அவர்கள் கால் படுகிற பாட்டை அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, உன் மற்றக் கேள்விகள். என் வேலைக்குச் சென்னை தேவையில்லை, புத்தகப் பக்கம் அமைப்பதை எங்கிருந்தும் செய்யலாம். இரண்டு பதிப்பகங்களிடம் பேசிவிட்டேன், வருமானம் கொஞ்சம் குறையும். பள்ளிக்கூடம் வேதாரண்யத்தில் பார்த்தாயிற்று. உப்புக்காற்றில் இரும்பு நிற்காது என்பதும் தெரியும், ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்து உதிர்கிறது, மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரிதான் எனக்கும் கவலை. சின்ன வியாதிக்கு வேதாரண்யம் போதும். பெரிதாக ஏதாவது என்றால் நாகப்பட்டினத்துக்கோ திருவாரூருக்கோ மருத்துவக் கல்லூரிக்குத்தான் ஓட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அப்பாவைக் கொண்டுபோன அந்த ராத்திரியை நான் மறக்கவில்லை.

புயலுக்கு ஒன்று செய்கிறேன். ஓட்டு வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கம் காங்கிரீட் தளத்தோடு ஓர் அறை கட்டுகிறோம். என் மனைவி போட்ட ஒரே நிபந்தனை அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்று எழும்பினால் மூன்று பேரும் அதற்குள் போய்விடுவோம். மேலண்டைச் சித்திக்கும் அதில் இடம் உண்டு. பயமில்லை என்று சொன்னால் பொய். ஓடு அடித்துக்கொள்கிற சத்தத்தை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. ஆனால் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, கடைசியாக அடித்த போன் கிடைக்காமல், அங்கே என்ன ஆயிற்றோ என்று மூன்று நாள் இருந்தேனே, அந்தப் பயத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

உன் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி இடம் உன்னுடையது. உனக்கும் மாமாவுக்கும் பணம் தேவை இருந்தால் ஒளிக்காமல் சொல். நியாயமான விலையை மூன்று வருஷத்தில் கொடுத்துவிடுகிறேன், எழுதியே தருகிறேன். இறால் குட்டைக்காரர் சொன்ன விலை என்னால் முடியாது. அது மட்டும் பொறுத்துக்கொள்.

பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஆடி அமாவாசைக்கு நீ வர வேண்டும். கோடியக்கரையில் முழுக்குப் போட்டு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துச் செய்வோம். கோயம்புத்தூரில் செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் மன்னார்குடி. அங்கிருந்து திருத்துறைப்பூண்டிக்கு பஸ். அதற்கப்புறம் பஸ் வேண்டாம், ரயிலில் வா. நாம் சின்னப் பிள்ளைகளாக ஜன்னலுக்குச் சண்டை போட்ட அகஸ்தியம்பள்ளி ரயில் நின்றுபோயிருந்ததே, 2023 ஏப்ரலில் அகலப் பாதையில் மறுபடி விட்டுவிட்டார்கள். வேதாரண்யம் ஸ்டேஷனில் பாப்பாவோடு நிற்கிறேன்.

அம்மாவின் அரிவாள்மனை உன்னிடம்தானே இருக்கிறது? வரும்போது எடுத்து வா. மீன் ஆய்வதற்கு இங்கே எதுவும் சரியாக இல்லை.

அன்புடன்,
உன் தம்பி