கலத்தின் படமும் சின்ன வெங்காயமும்

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த கலத்தின் (செல், உயிரணு) படம் பற்றியது இக்கடிதம். வர்ணம் அழகு. ஆனால் தாவரக் கலத்துக்குப் பச்சையவுருமணி (குளோரோபிளாஸ்ட்), விலங்குக் கலத்துக்கு இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) என்று பங்கு பிரித்திருப்பது பிழை. பிள்ளைகள் ஏற்கெனவே இப்படித்தான் எழுதிப் புள்ளி இழக்கிறார்கள். தாவரக் கலத்திலும் இழைமணி உண்டு. பச்சையவுருமணி வெளிச்சத்தில் வெல்லத்தை ஆக்குகிறது. அந்த வெல்லத்தை ஒட்சிசனோடு உடைத்துச் சக்தி எடுக்கும் வேலையின் பெரும்பகுதி இழைமணியில் நடக்கிறது, இரவும் பகலும். மண்ணுக்குள் கிடக்கும் வேரில் பச்சையவுருமணி இல்லை, இழைமணி இருக்கிறது. மாரியில் வெள்ளம் நின்ற மிளகாய்த் தோட்டம், காலடியில் அவ்வளவு தண்ணீர் இருந்தும் வாடுவது ஏன்? நீர் தேங்கிய மண்ணில் ஒட்சிசன் இல்லை; சக்தி கிடைக்காத வேர்க் கலங்களால் நீரை எடுக்க முடியாமல் போகிறது.

அளவிலும் குழப்பம். படத்தில் இறைபோசோம்கள் (ரைபோசோம், புரதம் ஆக்கும் நுண்மணிகள்) கருவுக்குப் பக்கத்தில் கடுகு மாதிரித் தெரிகின்றன. உண்மையில் ஓர் இறைபோசோம் 20 முதல் 30 நனோமீற்றர். ஒளி நுணுக்குக்காட்டியால் ஏறக்குறைய 200 நனோமீற்றருக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே பாடசாலை நுணுக்குக்காட்டியில் இறைபோசோம் கண்டதாக எழுதும் பிள்ளை, புத்தகத்தைத்தான் கண்டிருக்கிறது.

கண்ணால் காணக்கூடியது எது என்பதற்கு எங்கள் தோட்டத்துச் சின்ன வெங்காயமே போதும். பெரும்பாலும் உட்பக்க உரியைத்தான் எடுக்கச் சொல்வார்கள்; அது இலகுவாகக் கழரும், ஆனால் நிறமில்லை. காய்ந்த சருகை நீக்கிவிட்டு, முதல் சதை இதழின் வெளிப்பக்கத்தில் பிளேட்டால் 5 மில்லிமீற்றர் சதுரமாக மேலோட்டமாகக் கீறி, சாவணத்தால் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாக இழுங்கள். ஊதா நிற உரி வரும். சதை ஒட்டிக்கொண்டு வந்தால் எறிந்துவிட்டு வேறொன்று எடுங்கள். தடித்த உரியில் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்று தெரிந்து வெறும் கலங்கலாக இருக்கும். வழுக்கியில் (கண்ணாடித் தகட்டில்) ஒரு துளி நீர், அதில் உரி, மேலே மூடித்துண்டு. மூடித்துண்டின் ஒரு விளிம்பை முதலில் வைத்து, மறு விளிம்பை ஊசியால் தாங்கியபடி சாய்வாக இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் காற்றுக்குமிழி சிக்கும். கறுத்த வட்ட விளிம்போடு தெரியும் அந்தக் குமிழியைக் கரு என்று வரையும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

10 மடங்கு பார்வைத்துண்டு (கண் வைக்கும் வில்லை), 10 மடங்கு பொருளி (வழுக்கிக்கு மேலே நிற்கும் வில்லை): மொத்தம் 100 மடங்கு. செங்கல் அடுக்கியதுபோலக் கலங்கள். ஊதா நிறம் கலத்தை ஏறக்குறைய முழுதாக நிரப்பி நிற்கும். அந்த நிறச் சாறு இருக்கும் இடம்தான் புன்வெற்றிடம். குழியவுரு (கலத்துக்குள் இருக்கும் கூழ்ப்பொருள்) அதைச் சுற்றி மெல்லிய படையாக ஒதுங்கிக் கிடக்கிறது. பெயரில் வெற்றிடம் என்றிருப்பதால் உள்ளே ஒன்றுமில்லை என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

இனி 100 மில்லிலீற்றர் நீரில் 5 கிராம் உப்பு (ஒரு சமத் தேக்கரண்டி அளவு) கரைத்து, மூடித்துண்டின் ஒரு ஓரத்தில் ஒரு துளி விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளைத் தொட்டு இழுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி, சுருங்கி, கடுமையாகும். நீர் வெளியேறியது, நிறப்பொருள் உள்ளேயே நின்றது, அதனால் கடுமை. கலச்சுவர் அசையாமல் நிற்க, கலமென்சவ்வு உள்ளே போய்விட்டது. சுவரும் மென்சவ்வும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இடைவெளியில் இருப்பது காற்றல்ல, உப்புநீர்: சுவர் உப்பை விடும், மென்சவ்வு விடாது. நன்னீரால் கழுவினால் கலம் பழையபடி நிரம்பும். உப்பு கூடினாலோ நெடுநேரம் விட்டாலோ திரும்பாது. வேறொரு உரியை ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டுப் பாருங்கள்: மென்சவ்வு செத்து நிறம் வெளியே கசியும், எந்த உப்புநீரிலும் அந்தச் சுருக்கம் வராது.

இப்படிக் கடுமையான கரைசலின் பக்கம் நீர் மென்சவ்வைத் தாண்டிப் போவதுதான் பிரசாரணம். இது வகுப்பறைச் சங்கதி மட்டுமல்ல. கடல்நீரில் ஏறத்தாழ 3.5 வீதம் உப்பு. பூநகரிப் பக்கம் உவர் ஏறிய வயலில் நெல் வேருக்கு நடப்பதும் இதே இழுபறிதான். செடியடியில் யூரியாவைக் குவித்துவிட்டு ‘எரிஞ்சுபோச்சு’ என்கிறோமே, அங்கே நெருப்பில்லை, வேரைச் சுற்றிய கரைசல் கடுமையாகி நீரை வெளியே இழுத்துவிட்டது. உடனே நிறையத் தண்ணீர் விட்டால் தப்பலாம். இலை கருகிய பிறகு விட்டுப் பயனில்லை.

கருவைக் காண நிறமற்ற உட்பக்க உரியும் ஒரு துளி அயடீனும் போதும். கரு மஞ்சள் கலந்த கபிலமாகும். வெங்காயம் மாப்பொருளைச் சேமிப்பதில்லை, ஆகவே நீலக் கறுப்பை எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு உருளைக்கிழங்கு. வெங்காயக் குமிழில் பச்சையவுருமணியும் இல்லை. அதற்குக் குளத்திலும் வாய்க்காலிலும் கிடக்கும் ஐதரில்லா நல்லது (ஊரில் பாசி என்போம், அது பூக்கும் தாவரம்). அதன் இலை இரண்டே கலப் படை, வெட்டத் தேவையில்லை. 400 மடங்கில், நடுநரம்புக்குப் பக்கத்தில், பச்சை மணிகள் வரிசையாக ஊர்வதைக் காணலாம். ஓடுவது மணியல்ல, அதைச் சுமக்கும் குழியவுரு.

மின்சாரம் இல்லை என்று நுணுக்குக்காட்டியைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. ஆடி உள்ளது பகல் வெளிச்சத்தில் வேலை செய்யும். ஆடியை வெள்ளைச் சுவருக்கோ திறந்த வானத்துக்கோ திருப்புங்கள், சூரியனுக்கு நேரே ஒருபோதும் வேண்டாம், கண் போகும்.

ஒரு வேண்டுகோள். இணையத்தில் செல், மைட்டோகாண்ட்ரியா என்று படிக்கும் பிள்ளைக்கு எங்கள் வினாத்தாளில் கலம், இழைமணி என்று வருகிறது. மாணவர் பக்கத்தில் இரண்டு பெயரையும் ஒருமுறையாவது சேர்த்துப் போடுங்கள். திருத்திய படம் வெளியிடுவதாயின், உப்புநீருக்கு முன்னும் பின்னும் வெங்காயக் கலம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எத்தனை மடங்கு பெருப்பம் என்றும் குறிப்பிடுங்கள்.

விஞ்ஞான ஆசிரியர்கள் சிலர்,
கிளிநொச்சி.