மேல்பாகத்தை ஏன் வெட்டினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜப்பானிய மை ஓவியக் கட்டுரையை ஆசையாகப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு, அதற்கு நன்றி. ஆனால் கூடவே வந்த ஜென் பௌத்தத் துறவியும் ஓவியருமான செஷ்ஷூவின் 'ஹபொகு' (மையைத் தெளித்தாற்போல் விரைந்து வரையும் முறை) நிலக்காட்சியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அரைப் பக்கத்தில் அடங்கவேண்டும் என்று மேல்பாகத்தை யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அசல், சுமார் 150 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும் கொண்ட தொங்குசுருள். அதன் அடிப்பகுதியில் மட்டும்தான் ஓவியம். அதற்கு மேலே 1495-இல் செஷ்ஷூ தன் கைப்பட எழுதிய குறிப்பு. அதற்கும் மேலே ஜென் துறவிகள் ஆறு பேரின் கவிதைகள்.

எழுத்துதானே, போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் செஷ்ஷூ 'சீனாவில் ஓவியம் கற்றுத் திரும்பியவர்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். வெட்டுப்பட்ட குறிப்பில் செஷ்ஷூ சொல்வது வேறு. பல வருடம் தன்னிடம் பயின்ற சீடன் சோஎன் ஊர் திரும்பும்போது ஒரு படம் கேட்கிறான். கண் மங்கிவிட்டது, புத்தியும் தளர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வரைந்து கொடுக்கிறார் கிழவர். தான் சீனா போனதையும், அங்கே நல்ல ஓவியர்கள் அரிதாகவே இருந்ததையும், இருவரிடம் வண்ணம் தீட்டும் முறையும் ஹபொகு முறையும் கற்றதையும் எழுதுகிறார். ஊர் திரும்பிய பிறகுதான் தனக்கு முந்தைய ஜப்பானிய ஓவியர்களான ஜோசெட்சு, ஷூபுன் இருவரின் மேன்மை இன்னும் விளங்கியதாம். இத்தனையும் எழுதிவிட்டுக் கையெழுத்தில் மட்டும் சீனத்து மடத்தில் கிடைத்த பட்டத்தை விடாமல் போட்டுக்கொள்கிறார், வயது 76 என்பதையும் சேர்த்து! அந்தப் பெருமையும் இருக்கத்தானே செய்யும்.

அந்தக் காலத்து ஜென் மடங்களில் படமும் கவிதையும் ஒரே சுருளில் இருப்பது வழக்கம். மேலே சொன்ன ஜோசெட்சுவே, 1415 வாக்கில், வழவழப்பான சுரைக்குடுக்கையால் வழுக்கும் கெளுத்தி மீனைப் பிடிக்கப் பார்க்கும் ஒருவனை வரைந்தார். வரையச் சொன்னவர் அன்று ஜப்பானின் ஷோகனாக (ராணுவ ஆட்சித் தலைவராக) இருந்த யோஷிமோச்சி. எப்படிப் பிடிப்பது என்ற கேள்விக்கு 31 துறவிகள் ஆளுக்கொரு கவிதை எழுதினார்கள். அவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு மீன்காரன் படம்தான்.

நீங்கள் அச்சிட்ட துண்டிலும் பார்க்க நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. வெளிறிய மைப் பூச்சு, அதன் ஈரம் காய்வதற்குள் மேலே கறுத்த மை. பாறை எது, மரம் எது என்று முதலில் பிடிபடாது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அடியில் ஒரு மதுக்கடைக் கூரையும் கொடியும் தெரியும். தண்ணீரில் ஒரு படகு, அதில் இரண்டு பேர். எல்லாம் சில கோடுகள்தான்.

அடுத்த இதழில் ஒரு பக்கத்தை நெடுக்காக ஒதுக்கி முழுச் சுருளையும் போடுங்கள். படகு கடுகளவு தெரிந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.