பேய் வேண்டாம், வரலாறு போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பழைய விடுதிகள் பற்றிய கட்டுரையில் பாதி இடம் பேய்க் கதைகளுக்கே போய்விட்டது. ஒஹையோ மாநிலத்தில் லெபனான் என்ற சிற்றூரில் உள்ள ‘கோல்டன் லாம்ப்’ (பொன் ஆட்டுக்குட்டி) விடுதிக்குப் பேயே தேவையில்லை. 1803-இல் ஜோனஸ் சீமன் என்பவர் 4 டாலர் கட்டி உரிமம் வாங்கித் தொடங்கிய மதுக்கடையும் தங்குமிடமும் அது. படிக்கத் தெரியாத வண்டிக்காரர்களும் அடையாளம் காணப் பெயர்ப்பலகையில் ஆட்டுக்குட்டிப் படம். 1815-இல் செங்கல் கட்டடம் எழுந்தது. 1842-இல் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வந்தபோது அங்கே மதுவிலக்கு! பிராந்தி கேட்ட மனிதருக்குக் கிடைத்தது வெறும் டீ, காபிதான். அதுவும் மோசம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் மிஞ்சுவது 1871 ஜூன் சம்பவம். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் வழக்கறிஞருமான கிளெமென்ட் வலாண்டிகம், கொலை வழக்கில் தாமஸ் மெக்கீஹனுக்காக வாதாட வந்து இங்கே தங்கியிருந்தார். செத்தவர் தன் பாக்கெட்டிலிருந்து துப்பாக்கியை எடுக்கும்போது தானே சுட்டுக்கொண்டிருப்பார் என்பது அவர் வாதம். அதைச் சக வழக்கறிஞர்களுக்கு அறையில் நடித்துக் காட்டினார். மேசைமேல் இரண்டு துப்பாக்கி. ஒன்றில் தோட்டா இல்லை. அவர் எடுத்தது மற்றொன்றை. மறுநாள் இறந்துபோனார். மெக்கீஹன் அப்புறம் விடுதலையாகிவிட்டார். விடுதி இன்றும் நடக்கிறது. அந்த அறை இப்போது சாப்பாட்டுக்கூடம்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்