முழங்கால் வலி என்றால் இடுப்பையும் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வெளிவந்த, வளரும் பிள்ளைகளின் கால்வலி பற்றிய கட்டுரை அதை 'வளர்ச்சி வலி' என்று சொல்லி முடித்துவிட்டது. தோட்ட மருந்தகத்தில் 28 ஆண்டுகள் டிரஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன் என்பதாலும், அதைவிட, 13 வயதுப் பேரனின் காலைச் சரியாகப் பார்க்கத் தவறிய தாத்தா என்பதாலும், இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை நழுவும் நோயைப் (ஆங்கிலத்தில் SCFE) பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாம் படிவத்தில் சேர்ந்த சில வாரங்களில் அவன் முழங்கால் வலிக்கிறது என்றான். காற்பந்தாட்டத்தில் பட்ட அடி என்று நானே முடிவு கட்டினேன். நல்லெண்ணெய் காய்ச்சி நீவியும் விட்டோம். முழங்கால் எக்ஸ்ரேயில் குறை ஒன்றும் தெரியவில்லை. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி அவன் இரண்டு மாதம் விந்தி நடந்ததைச் சோம்பல் என்று கடிந்துகொண்டவனும் நான்தான். பிறகு ஈப்போவில் எலும்பு மருத்துவர் ஒருவர் அவனைப் படுக்கவைத்துத் தொடையை மடக்கியபோது, அது நேராக வயிற்றை நோக்கி வராமல் தானாகவே வெளிப்புறம் திரும்பிக்கொண்டது. உடனே இடுப்பை நேராக ஒன்றும், தவளையைப்போல் கால்களை விரித்து ஒன்றுமாக இரண்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

வளரும் வயதில் தொடையெலும்பின் உருண்டைத் தலையையும் அதன் கழுத்தையும் இணைப்பது 'வளர்ச்சித் தகடு' எனப்படும் ஒரு குருத்தெலும்புத் தகடு. உயரம் வேகமாகக் கூடும் பருவத்தில், குறிப்பாகப் பருத்த உடல்வாகுள்ள பிள்ளைகளுக்கு, அத்தகடு பாரம் தாங்காமல் விட்டுக்கொடுக்க, தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள்ளேயே நிற்கக் கழுத்து விலகிவிடுகிறது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் கிளைவிடும் நரம்புகள் பொதுவானவை என்பதால் சில பிள்ளைகளுக்கு முழங்காலில் மட்டுமே வலி தெரியும். பெரும்பாலும் 10 முதல் 16 வயதுக்குள், ஆண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக, இது வருகிறது. 10 வயதுக்கு முன்னரே வந்தால் தைராய்டு போன்ற சுரப்பிக் குறைகளையும் சோதிக்க வேண்டும்.

பேரனுக்கும் இதுதான் என்று தெரிந்ததும், காலை ஊன்றக் கூடாதென்று அன்றே சக்கர நாற்காலியில் வைத்து வார்டில் சேர்த்தார்கள். நழுவியதை இழுத்து நேராக்காமல், இருக்கும் நிலையிலேயே ஒரு ஸ்குரூவைச் செலுத்தி மேலும் நழுவாமல் நிறுத்துவதே வழக்கமான சிகிச்சை. வலுவாகத் திருப்பினாலோ இழுத்தாலோ தலைக்குப் போகும் இரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பே செத்துப்போகக்கூடும் என்று மருத்துவர் விளக்கியபோது, நாங்கள் நீவிவிட்ட நாட்கள்தாம் நினைவுக்கு வந்தன. ஊன்றுகோல் பிடித்தும் நடக்க முடியாத அளவுக்குத் திடீரென நழுவியிருந்தால் இந்த ஆபத்து மிக அதிகம். அப்படிப்பட்ட பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மறு காலும் பின்னர் நழுவலாம் என்பதால், வளர்ச்சித் தகடு மூடும்வரை பேரனைத் தவறாமல் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம்.

அக்கட்டுரையின் தொடர்ச்சியாக எலும்பு மருத்துவர் ஒருவரின் விளக்கத்தைப் படத்துடன் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வட்டாரப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு அதைப் பிரதியெடுத்துக் கொடுக்கும் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருந்தகப் பணியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.