செம்புக்குள் நான்

திருகோணமலை

அன்புள்ள மச்சான்,

நான்கு மாதமாக எழுதவில்லை. நேரில் பார்க்கும்போது சேர்த்துத் திட்டு. அம்மாவின் முழங்கால் வலி அப்படியே. கச்சான் காற்று வீட்டுக்குள் மண்ணைக் கொட்டுகிறது. கட்டையன் மூன்றாவது மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான், காரணம் கேட்காதே.

எழுத வந்தது வேறு கதை. கனடாவிலிருந்து பெரியக்கா, அம்மம்மாவின் பித்தளைச் சாமான்களைப் படம் எடுத்து அனுப்பு, பிரித்துக்கொள்வோம் என்றாள். அரை மணி நேர வேலைதானே என்று, புளி போட்டுத் துலக்கிய செம்பை மேசையில் வைத்து ஃபிளாஷ் அடித்தேன். நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு. சுற்றிலும் யன்னல், மின்விசிறி, சாரத்தோடு தொப்பை பெருத்த நான். "நீ கொஞ்சம் மெலியலாம்" என்று அக்கா பதில் போட்டாள்.

படுகோணமும் தெறிகோணமும் சமம் என்று பத்தாம் ஆண்டில் பிரம்படியோடு படித்தோமே, அதேதான். செம்பின் வயிறு வளைந்த கண்ணாடி. அறை முழுவதும் அதற்குள் வந்து விழுகிறது. ஆகவே அறையையே வெள்ளையாக்கத் துணிந்தேன். அட்டைப் பெட்டியின் மேற்புறமும் இருபக்கமும் வெட்டி, பட்டம் கட்டும் வெள்ளைத் திசுத்தாளை ஒட்டினேன். (முதல் பெட்டியைப் படலையடியில் வைத்தேன், மான் மென்றுவிட்டது. நம் ஊர் மான்!) வெளியே ஒரே நிறத்தில் இரண்டு 9 வாட் எல்.ஈ.டி. பல்புகள். முன்னால் அப்பாவின் பழைய வேட்டி, அதில் லென்ஸ் நுழைய ஒரு ஓட்டை. கமெராவைத் தாங்கியில் நிறுத்தி, கை படாமல் டைமரில் 2 செக்கன் திறந்தேன்.

நான் மறைந்தேன். செம்பும் செத்துவிட்டது, பிளாஸ்டிக் மாதிரி! பிறகு கறுப்பு அட்டைக் கீற்றுகளை இருபுறமும் படத்தில் விழாமல் நிறுத்தினேன். விளிம்பில் இரண்டு கறுப்புக் கோடுகள் வழிந்து இறங்கின. செம்புக்கு இடுப்பு வந்தது. மச்சான், அன்று இரவு நான் சாப்பிடவே மறந்துவிட்டேன்.

நீ பெருமையாக அனுப்பிய போலரைசர் ஃபில்டர் தண்ணீரிலும் கண்ணாடியிலும்தான் மினுக்கத்தை வெட்டும். வெறும் உலோகத்திடம் அதன் பருப்பு வேகவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் அடியைப் படம் எடுக்க வைத்திருக்கிறேன்.

கடைசியாக மூக்குப்பேணி, மூக்கு வைத்த அந்தப் பித்தளைக் குவளை. ஒரு பல்பை அணைத்து, தாளையும் விலக்கி, மற்றதைச் சரித்துப் பக்கத்தில் வைத்தேன். வழவழப்பான இடமெல்லாம் இருண்டுபோக, புள்ளி புள்ளியாகக் குத்திய தேய்ந்த எழுத்துகள் மட்டும் ஒளியைப் பிடித்து மின்னின. அம்மம்மாவின் பெயராக இருக்கும் என்று குனிந்தேன். சின்ன மாமாவின் பெயர். 1990க்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாராவது சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

அம்மாவிடம் காட்டினேன். பெருவிரலால் தடவினார். "இதில் ஊற்றினால்தான் பால் குடிப்பான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

மற்றப் படங்களை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். பேணியை அனுப்பவில்லை. அம்மாவின் விரல் தடம் இன்னும் அதில் இருக்கிறது, துடைக்கக் கை வரவில்லை. அக்கா கேட்டால், உனக்கு ஒன்றும் தெரியாது.

உன்
கடைசி வாங்கு நண்பன்