முதல் பதிப்பு எதுக்கு என்று கேட்ட தம்பிக்கு

சரவணா,

போன வாரம் வந்தபோது அலமாரியில் ஒரே புத்தகம் இரண்டு பிரதி இருப்பதைப் பார்த்து, "படிக்கத்தானே புத்தகம், முதல் பதிப்பு எதுக்குண்ணே?" என்று கேட்டாய். அன்று காபியைக் கொடுத்துப் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்தப் புத்தகம் 'இன் மை ஃபாதர்ஸ் ஹவுஸ்', 1981இல் அமெரிக்காவில் வந்தது. ஜிம் ஜோன்ஸ் என்ற மதபோதகரின் 'பீப்பிள்ஸ் டெம்பிள்' கூட்டத்தில் சிக்கிய லேட்டன் குடும்பத்தின் கதை. அப்பா ராணுவத்துக்கு ரசாயன ஆயுத ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி. அம்மா லிசா, ஹிட்லருக்குத் தப்பி ஹாம்பர்க்கிலிருந்து வந்த யூதப் பெண். மகன் லாரி வியட்நாம் போருக்குப் போக மறுத்தவன். அவனும் மனைவியும்தான் முதலில் சேர்ந்தார்கள். அந்த மனைவியையே ஜோன்ஸ் தன்னுடையவளாக்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் லாரி அங்கேயே இருந்தான், பார். அப்புறம் கடைக்குட்டி டெபோரா, அவள் பின்னால் கணவரை விட்டுவிட்டு லிசா. ஒருத்தர் கையைப் பிடித்து அடுத்தவர் போயிருக்கிறார்கள். யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

ஜோன்ஸ் தன் கூட்டத்தைத் தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். 1978 மே மாதம் டெபோரா அங்கிருந்து தப்பினாள். அம்மாவைக் கூட்டிவர முடியவில்லை. அக்டோபர் கடைசியில் லிசா புற்றுநோயில் இறந்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, நவம்பர் 18 அன்று அவர்களுடைய குடியிருப்பான ஜோன்ஸ்டவுனில் 909 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஜோன்ஸின் உத்தரவில் கொடுக்கப்பட்ட விஷத்தால். விசாரிக்க வந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயனை விமானத் திடலில் சுட்டுக் கொன்றார்கள். கூட்டத்தை விட்டு வெளியேறுபவன்போல் நடித்து விமானம் ஏறிய லாரி, உள்ளேயிருந்தவர்களைச் சுட்டான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கயானா நீதிமன்றம் 1980இல் லாரியை விடுவித்துவிட்டது. அமெரிக்காவிலோ வழக்கு முடியவில்லை. குடும்பமே சேர்ந்து சொன்ன இந்தக் கதை அந்த இடைவெளியில் அச்சானது. முடிவு அவர்களுக்கே தெரியாது. மறுபதிப்பிலும் அதே வரிகள்தானே என்பாய். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் தேடியது வரிகளை மட்டும் அல்ல, அந்த நேரத்தையும்.

முதலில் வாங்கிய பிரதியில் ஏமாந்தேன். 'முதல் பதிப்பு, நல்ல நிலை' என்று போட்டிருந்தார்கள். பிரித்தால் நூலக முத்திரை, பின்னால் சீட்டுப் பை, மேலுறை காணோம். நீ வாங்கும்போது பதிப்புரிமைப் பக்கத்தையும் மேலுறையையும் படம் கேட்டு வாங்கு, விவரத்தை மட்டும் நம்பாதே.

இரண்டாவது பிரதியில் பழைய உரிமையாளர் செய்தித்தாள் துண்டு ஒன்றை வைத்திருக்கிறார். 1986 டிசம்பர், லாரி குற்றவாளி என்று தீர்ப்பு. மட்டமான தாள்தானே, எதிர்ப்பக்கத்தில் அதே அளவுக்குப் பழுப்பு நிழல் விழுந்திருக்கிறது. விற்றவர் அதைக் குறை என்று எழுதி விலையைக் குறைத்திருந்தார். லாரி 2002இல்தான் விடுதலையானான். அதற்குத் துண்டு எதுவும் இல்லை.

அடுத்த முறை வா, அந்தப் பக்கத்தைக் காட்டுகிறேன். காபியும் உண்டு.

அன்புடன்,
அண்ணன்