எங்கட பாஸ்கட்போல் கோட்டுக்காக வந்து நிண்ட எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். நேத்துப் பின்னேரம் ஆறு கிழமைக்குப் பிறகு எங்கட கோட்ல திரும்ப போல் தட்டுற சத்தம் கேட்டிச்சு. வீட்ட வந்து படுத்தும் நித்திரை வரேல்ல, அதான் இந்த நேரத்துல இருந்து எழுதுறன். கோட்டுக்கு என்ன நடந்ததெண்டு உங்க எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்கு மனமில்ல.

முதல்ல அந்த ஐயாவைப் பத்திச் சொல்லணும். பேர் போட வேணாமெண்டு சொல்லிட்டார். திருகோணமலை டச்பே பக்கம் கரையில மீன் வலை பொத்துறவர். போஸ்ட் நட்டு, போர்டும் ரிங்கும் பூட்டியாச்சு, நெட் மட்டும் இல்ல. சரி, நெட் இல்லாமலே விளையாடுவம் எண்டு நாங்க கதைச்சுக்கொண்டு நிக்கேக்க, ரோட்டால சைக்கிள்ல போனவர் இறங்கி, கொஞ்ச நேரம் மேல பாத்துக்கொண்டு நிண்டிட்டு, "தம்பி, அந்த வளையத்துல எத்தின கொக்கி?" எண்டு கேட்டார். பன்னிரண்டு எண்டன். "பந்து உள்ள போனதும் சட்டெண்டு விழணுமா, கொஞ்சம் நிண்டு விழணுமா?"

எனக்கு ஒரு நிமிசம் கதை வரேல்ல. போலை ஒரு கணம் பிடிச்சு விடுற மாதிரித்தான் நெட் இருக்கணும் எண்டு விதிப் புத்தகத்துலயே இருக்கு. அவர் பாஸ்கட்போல் மெச் ஒண்டுகூடப் பாத்ததில்லையாம்.

அடுத்த நாள் விடிய சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு, தடிச்ச நைலோன் நூலும் வலை ஊசியும் வலைக்கண் அளவெடுக்கிற பலகைத்துண்டுமா வந்து வேப்பமரத்துக்குக் கீழ இருந்திட்டார். பெடியங்கட 7ஆம் நம்பர் போலையும் பொம்பிளைப் பிள்ளைகளிண்ட 6ஆம் நம்பர் போலையும் வாங்கி ரெண்டையும் மடியில வச்சு உருட்டிப் பாத்தார். மேல கண் பெரிசு, கீழ வர வரச் சின்னன், ஒவ்வொரு முடிச்சையும் பெருவிரலால அமத்தி இழுத்து இழுத்துத்தான் விட்டார். மத்தியானத்துக்கு முதல் ரெண்டு நெட்டும் முடிஞ்சுது. காசு நீட்ட, பிளேன்ரீ மட்டும் குடிச்சார்.

மத்த ஆக்களையும் மறக்கேல்ல. பைப் கொண்டு வந்து இறக்கின கிண்ணியா நானாமார், மண் லோட் அனுப்பின சிங்கள அண்ணா, ராத்திரி லைட் பிடிச்சுக்கொண்டு நிண்ட அம்மாமார், கனடாவில லண்டனில இருந்து போல் அனுப்பின பழைய பிள்ளைகள், உங்க எல்லாருக்கும் கும்பிட்டு நன்றி.

வெல்டிங் தம்பி டேப் பிடிச்சு ரிங்கை சரியா 3.05 மீற்றர்ல நிப்பாட்டினார். அப்பதான் எங்களுக்கு விளங்கினது, பழைய போஸ்ட் வருசக்கணக்கா மண்ணுக்குள்ள இறங்கி ரிங் கிட்டத்தட்ட ஒரு சாண் பதிஞ்சு கிடந்திருக்கு. வெளியூர்ல போய் எங்கட பிள்ளைகள் அடிக்கிற போலெல்லாம் ரிங்கின்ட முன்பக்கத்துல பட்டு வந்ததுக்கு அவையள ஏசினனே, அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு வலிக்குது. தூர நிண்டு போட்டா மூண்டு புள்ளி கிடைக்கிற மூண்டு பொயின்ட் கோடும் அப்படித்தான். சர்வதேச விதியில 2010ல 6.75 மீற்றருக்குப் போயிட்டுது, நாங்க போன மாசம் வரைக்கும் பழைய 6.25 கோட்டுல நிண்டு பழகினம். சீமெந்துத் தரையில பழகின பிள்ளை கொழும்பு சுகததாச உள்ளரங்கில மரத்தரையில கால் வைக்கேக்க தடுமாறத்தானே செய்யும். ஐப்பசியில மழை தொடங்கினா தை வரைக்கும் எங்களுக்குப் பாதி நாள் பிரக்டிஸே இல்ல, உப்புக்காத்துல இரும்பும் நிக்காது. கொழும்புல ஒரு நல்ல அரங்கு இருந்தா மட்டும் இந்த நாட்டிண்ட பாஸ்கட்போல் வளராது, திருகோணமலையிலயும் ஒரு கூரை வேணும், மூதூர்லயும் சரியான உயரத்துல ஒரு ரிங் வேணும். அமெரிக்காவிண்ட லூசியானாவில இருந்து வந்த இயேசு சபைப் பாதர்மார் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இந்த விளையாட்டைப் பழக்கினவை. அவையளில ஒருத்தரான யூஜின் ஹேபர்ட் பாதர் 1990 ஆவணி 15ல காணாமல் போனவர், அவரிட்டப் பழகின ஆக்கள் இண்டைக்கும் அவரைப் பத்திக் கதைக்கேக்க கண் கலங்குவினம். அவ்வளவு பழைய விளையாட்டு இது எங்களுக்கு.

இனி எங்கட கோட் கேற்றுக்குப் பூட்டு இல்ல. கோட் இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆரெண்டாலும் சனி பின்னேரம் நாலு மணிக்கு வரலாம், சப்பாத்து இல்லாட்டியும் வாங்கோ, நான் நிப்பன்.

நேத்து முதல் போலை எங்கட சின்னப் பிள்ளைதான் போட்டவ. நெட்டுக்குள்ள போல் ஒரு கணம் நிண்டு விழுந்திச்சு. ஐயா மதிலுக்கு அங்கால சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், கை காட்டினன், தலையை ஆட்டிட்டுப் போயிட்டார்.